ஐந்து நிமிடத்தில் தூங்கிய டிஸ்க்

இடது உள்ளங்கை ஹார்ட் டிஸ்க் பெட்டியின் மேல், வலது கையில் பென்சில், கண் சுவர்க் கடிகாரத்தில். தெரியாதவர்கள் பார்த்தால் என் நாத்தனார் யாருக்கோ நாடி பார்க்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

"நின்னுடுச்சு அண்ணி." பதினொன்று இருபத்திரண்டு என்று குறித்தாள்.

முப்பத்திரண்டு வயதில் புருஷன் போனபின், கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுத் தட்டச்சு கற்றவள். இருபத்திரண்டு வருஷமாக டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டித் தருகிறாள். இருமலை வைத்தே எந்த டாக்டர் என்று சொல்லிவிடுவாள். வீடு அவள் கட்டியது. மகளும் மாப்பிள்ளையும் அவளோடு இருக்கிறார்கள்.

மூன்று வாரமாகக் கோளாறு. மருந்துப் பெயர் சரிதானா என்று புத்தகத்தைப் புரட்டிவிட்டு பதிவை ஓட்டுகிற காலடி மிதியை மறுபடி அழுத்தினால் குரல் வராது, திரை உறைந்து நிற்கும். மெஷின் செத்துவிட்டது என்று நினைத்து பட்டனை அழுத்தி அணைத்துவிடுவாள். அதுவரை தட்டியதும் போய்விடும். இப்படி இரண்டு அறிக்கைகள் தாமதமாகப் போயின. மூன்றாவதும் தாமதமானால் வேலை வேறு ஆளுக்கு என்று ஆஸ்பத்திரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கம்ப்யூட்டரை வாங்கிப் பொருத்தித் தந்தது மாப்பிள்ளை. அவரிடம்தான் கேட்டாள்.

"மெஷின்ல ஒண்ணுமில்ல அத்தை. உங்களுக்குத்தான் காது மந்தம், கையும் தடுமாறுது. போதும், ஓய்வெடுங்க" என்றார். மகளும் தலையாட்டினாள். அவள் வேலை செய்யும் முன்னறை காலியானால் தன் ஆபீஸை அங்கே கொண்டுவரலாம் என்று அவருக்கு எண்ணம்.

படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டவள் நான். எதுவும் அடிக்கடி நின்றால் முதலில் நேரத்தைக் குறி, அப்புறம் பேசு என்றேன். நோயாளிக்குப் போடுவதுபோல் கோடு கிழித்துத் தந்தேன். எப்போது மிதியை விட்டாள், குரல் பதிவுகள் இருக்கிற டிஸ்க் எப்போது நின்றது, எத்தனை நொடியில் விழித்தது. இரண்டு நாளில் பதினேழு வரி. பதினேழிலும் மிதியை விட்ட ஐந்தாவது நிமிடம் டிஸ்க் நின்றிருந்தது. மிதியைத் தொட்டதும் பத்து நொடியில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சாகவே இல்லை, தூங்கியிருக்கிறது. இவள்தான் அவசரப்பட்டு அணைத்திருக்கிறாள்.

"இது சீக்கு இல்லடி. சீக்கு இப்படி மணி பார்த்து வராது. யாரோ நேரம் வெச்சிருக்காங்க."

கம்ப்யூட்டரில் மின்சார அமைப்பைத் திறந்தாள். டிஸ்க்கை நிறுத்து: ஐந்து நிமிடம். "ஒருபோதும் வேண்டாம்" என்று மாற்றினாள். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால் மறுபடி ஐந்து. அப்போதுதான் அவள் முகம் மாறியது. நிறுவிய நிரல்களின் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தாள். மின்சாரம் மிச்சம் பிடிக்கிற ஒன்று, தினமும் தானாகக் கிளம்பி அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தது. நிறுவிய தேதி பதினான்கு, கோளாறு தொடங்கிய அதே வாரம். அன்றுதான் மாப்பிள்ளை முன்னறையை டேப் வைத்து அளந்தார்.

அதை நீக்கினாள். நாற்பது நிமிடம் சும்மா விட்டோம். டிஸ்க் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சும்மா விடமாட்டேன் அண்ணி."

"விடாதே. ஆனா கத்தாதே. கத்தினா, பார்த்தியா புத்தி பேதலிச்சிடுச்சுன்னு அதுக்கும் சேர்த்து சொல்லுவான்."

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அந்தத் தாளை மாப்பிள்ளையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"படிங்க மாப்பிள்ளை."

முணுமுணுத்தார்.

"சத்தமா. எனக்குத்தான் காது மந்தமாச்சே."

பதினேழு வரியையும் படிக்க வைத்தாள். கடைசியில் நிரலின் பெயரும் தேதியும். மகள் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

"மின்சாரம் மிச்சமாகட்டும்னு நல்லதுக்குத்தான் போட்டேன் அத்தை."

"சரி. மூணு வாரமா நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

அவர் குழம்பைப் பார்த்தார்.

"சொல்லுங்க, குழம்புக்கும் காது மந்தமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. மகள்தான் எழுந்து புருஷனின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் பாதிதான் சாப்பிட்டிருந்தார். நாத்தனார் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். தானும் போட்டுக்கொண்டாள். மூன்று வாரத்தில் அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்து, அவள் மூளையையே அவள் சந்தேகப்படும்படி செய்தவனை மன்னிக்க என்ன அவசரம்?

மறுநாள் காலை எட்டரைக்கு மூன்றாவது அறிக்கையை அனுப்பினாள். அலுவலகத்துக்குப் போன் செய்து, வந்து சேர்ந்ததா என்றும் கேட்டுக்கொண்டாள். கம்ப்யூட்டரில் மாப்பிள்ளையின் கணக்கை நீக்கிக் கடவுச்சொல்லை மாற்றினாள். பிறகு முன்னறைக் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்க அவரையே கூப்பிட்டாள். அவர் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருகாணியை இவள் முடுக்கினாள்.

"எதுக்கு அத்தை இதெல்லாம்?"

"நேரா பிடிங்க."