பெரட்டுக்களத்தில் சொன்ன சட்டம்

எங்கள் நீர்த்தேக்கத்தின் மீன்பிடி முகாமைத்துவக் குழுவில் நான் இயற்கைப் பாதுகாப்புப் பிரதிநிதி. படகுக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, தேயிலைத் தோட்டத்துக்கு நிர்வாகம் இருக்கிறது, அரசாங்கத்துக்கு ஓர் அதிகாரி. மீனுக்கும் தண்ணீருக்கும் நான். வட்டவளையில் லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில் பிறந்தவள், இப்போது ஹட்டனில் வேலை. கூட்டம் சிங்களத்தில்தான் நடக்கும். எனக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு என்பதால் என்னை ஏமாற்ற முடியாது, எரிச்சலூட்டத்தான் முடியும். அதைத் தாராளமாகச் செய்தார்கள்.

ஓடை வந்து விழும் மூலையை மூடச் சொல்லிக் கேட்டதே நான்தான். மழை குறைந்து தண்ணீர் இறங்கும்போது திலாப்பியா அங்கேதான் சேற்றில் குழி பறித்து முட்டையிடும். பிறகு தாய்மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்த நேரத்தில் அதைப் பிடித்தால் குஞ்சுகளும் சேர்ந்தே போய்விடும். குஞ்சுகள் பெரிதாகும்வரை அந்த மூலையில் படகுக்காரர்களின் வலைக்கும் தடை, மேலே லயத்துச் சனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போடும் மூங்கில் தூண்டிலுக்கும் தடை என்று குழு ஒத்துக்கொண்டது. லயத்தில் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"உங்களுக்கு ஏன் மிஸ் சிரமம்? தோட்டத்து மேனேஜர் துரைகிட்டச் சொன்னா பெரட்டுல சொல்லிருவாங்க" என்றார் அதிகாரி.

பெரட்டு என்பது விடிந்ததும் ஆட்களைக் கூட்டி, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று வேலை பிரிக்கும் இடம். அங்கே காதில் விழுவதெல்லாம் உத்தரவு. கொழுந்தைப் பற்றிப் பேசும் அதே வாய் தண்ணீரைப் பற்றியும் பேசினால், கம்பெனி அதையும் எடுத்துக்கொண்டது என்றுதான் சனங்கள் நினைப்பார்கள். இதை எடுத்துச் சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தடையைத் துரை பெரட்டிலேயே அறிவித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டமே மூலைக்கு இறங்கிவிட்டது. தூண்டிலைத் தொட்டே பார்க்காத பெண்கள்கூட. குழிகள் இருந்த இடமெல்லாம் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. முழங்காலளவு தண்ணீரில் நின்ற ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் கத்தியேவிட்டேன்.

"ஏங்க இப்படிப் பண்றீங்க? குஞ்செல்லாம் அழிஞ்சிரும்ங்க!"

"தோட்டந்தான் கம்பெனிக்கு. டேமுத் தண்ணியும் அவங்களுக்கா?"

"கம்பெனி இல்லங்க. குழு போட்ட சட்டம். நான்தான் கேட்டேன்."

"ஓ, நீங்கதானா? எங்களக் கேட்டீங்களா?"

எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. மிதிபட்ட குழிகளைப் பார்த்தும் கோபம், அவள் சொல்வது சரியாக இருந்ததிலும் கோபம்.

அடுத்த கூட்டத்தில் சங்கத் தலைவர் முகத்தில் கல்யாணக் களை.

"பாத்தீங்களா நங்கி, தங்கச்சி, உங்க ஆளுங்க வேலைய? லயத்து ஆளுங்க இனிமே கரைக்கே வரக்கூடாது. எப்பவுமே. பாதுகாப்புப் பக்கத்துலேருந்து நீங்களே முன்மொழிங்க."

அடேயப்பா, என்ன சாமர்த்தியம்! பாதுகாப்பு என்ற பெயரில் வரும் தடையை எவரும் எதிர்க்க மாட்டார்கள். அந்தக் கரைக்கு மேலே பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் கறியே அந்த மீன்தான். அதை என் கையாலேயே பிடுங்கச் சொல்கிறார்.

"முடியாது" என்றேன்.

"நீங்க மீன் பக்கமா, சனங்க பக்கமா?" என்று கேட்டார் அதிகாரி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மீன் பக்கந்தான் சேர். விரட்டினா ஒளிஞ்சு வந்து பிடிப்பாங்க, அப்ப குழி எங்கேன்னு பாத்தா கால் வைப்பாங்க? லயத்துக்கு இந்தக் குழுவுல ஒரு எடம் குடுங்க. அவங்க ஒத்துக்கிட்டாத்தான் தடை நிக்கும். பெரட்டுல சொன்னது நின்ன லட்சணத்தத்தான் எல்லாரும் பாத்தோமே!"

"அவங்களுக்குத்தான் நீங்க இருக்கீங்களே?"

"என்னை அவங்க அனுப்பல."

எல்லாத் தரப்பும் சம்மதித்தால்தான் எங்கள் குழுவில் முடிவு செல்லும். லயத்துக்கு இடம் தராதவரை எதற்கும் என் சம்மதம் கிடையாது, மூலையை மூடச் சொன்ன என் பிரேரணையையும் திரும்ப வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முணுமுணுத்தார்கள், முறைத்தார்கள், கடைசியில் வழிக்கு வந்தார்கள்.

லயத்துச் சனங்கள் கோயில் மைதானத்தில் கூடி ஆளைத் தெரிந்தெடுத்தார்கள். வந்தவள் யார் என்கிறீர்கள்? அன்றைக்குத் தண்ணீரில் நின்று என்னைக் கேள்வி கேட்டவளேதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேராகச் சிங்களத்தில் ஆரம்பித்தாள். கரையை விட்டுத் தூண்டில் போக வேண்டுமானால் முதலில் உங்கள் வலை போகட்டும் என்று சங்கத் தலைவரை மடக்கினாள். லயத்தாரைக் கரையை விட்டே விரட்டும் பேச்சு அத்தோடு செத்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் கேட்ட எல்லை ரொம்ப நீளமாம். ஓடை வாயை மட்டும் மூடினால் போதுமாம், அதற்கு அப்பால் தூண்டில் போடுவார்களாம். அது போதாது என்று நான் வாதாடினேன். அவள் விடவில்லை. முழுக் குழுவும் அவள் பக்கம் சாய்ந்தது. ஒன்றுமே மூடாமல் போவதற்குப் பதில் ஓடை வாயாவது மிஞ்சட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானும் கை தூக்கினேன்.

பஸ் வரும்வரை இரண்டு பேரும் ஒன்றாக நின்றோம்.

"கோவமாக்கா?"

"கோவந்தான். அடுத்த கூட்டத்துல உங்கள விடமாட்டேன்."

"விடாதீங்க. நானும் இனிமே உள்ளதான இருப்பேன்."