பல் டாக்டர் வாசல் பெஞ்சு

சீட்டைத் திருப்பிக் கொடுப்பதற்காக அந்தப் பல் டாக்டர் கையுறை போட்டார். ஒன்று போட்டு, அதன் மேல் இன்னொன்று. என் வீட்டுக்காரரின் வாயை அவர் திறந்தே பார்க்கவில்லை. மாத்திரைச் சீட்டில் எச்.ஐ.வி. என்று இருந்ததைப் படித்தார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொன்னார். அந்தச் சீட்டைக் காட்டச் சொன்னது நான்தான். டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்று நினைத்தேன். "உனக்குப் பல்லு புடுங்கினா ரத்தம் நிக்காதுய்யா. செத்துருவ. எந்த டாக்டரும் தொடமாட்டான்" என்றார். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பினாயில் வாசனை வந்தது. இது சிதம்பரத்தில், 2006இல்.

அந்தப் பேச்சை என் வீட்டுக்காரர் நம்பிவிட்டார். கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கெஞ்சியும் வரவில்லை. "படிச்சவரே சொல்லிட்டாரு, விடு" என்பார். கன்னம் வீங்கியது. கஞ்சி இறங்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரையும் தங்கவில்லை. பதினெட்டாம் நாள் அவருக்கு நினைவு தப்பிய பிறகுதான் வேன் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா ஒரே கையுறையோடு வாய்க்குள் விரலை விட்டுச் சீழை எடுத்தார். பல்லும் வந்தது. ரத்தம், எல்லோருக்கும் நிற்பது போலத்தான் நின்றது. ஆனால் சீழ் கழுத்துக்கு இறங்கியிருந்தது. மறுநாள் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

அந்த டாக்டரம்மாவிடம் கேட்டுத்தான் மற்றதைத் தெரிந்துகொண்டேன். நோயைச் சொன்னவர், சொல்லாதவர் என்று ஆள் பார்க்கக் கூடாதாம். யார் வந்தாலும் புதுக் கையுறை போட வேண்டும், கருவிகளை ஆவியில் வேக வைக்க வேண்டும். நோய் இருப்பது தெரியாமலே எத்தனையோ பேர் வருவார்கள் என்றார்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கும் கடைவாய்ப்பல் வலித்தது. எனக்கும் அதே நோய்தான். கடலூரிலேயே பிடுங்கியிருக்கலாம். வேண்டுமென்றே சிதம்பரத்துக்குப் போனேன். அந்த டாக்டருக்கு என்னைத் தெரியவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் வந்த ஆளுக்குப் போட்ட உறையோடே என் வாயில் கை வைத்தார். கருவியை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்ததோடு சரி. குக்கர் போன்ற ஆவிப் பாத்திரம் மூலையில் இருந்தது. அதன் மேல் அவருடைய சாப்பாட்டுப் பை. பல் வந்ததும், பஞ்சைக் கடித்துக்கொண்டு என் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஏம்மா, முன்னாடியே சொல்ல வேணாமா?"

"சொன்னவருக்கு என்ன செஞ்சீங்க?"

அவருக்கு நினைவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. வீக்கம், சீழ், பதினெட்டு நாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். அதைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன். ஆனால் வெளியே ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்து அதே கருவி அந்தப் பெண்ணின் வாய்க்குள் போகும் என்பதை நான் யோசித்து வரவில்லை.

"அந்தப் பையை எடுங்க. எல்லாத்தையும் அந்த ஆவிப் பாத்திரத்துல போடுங்க. நான் பாத்துட்டுதான் போவேன்" என்றேன். ஆவி சீறி அடங்கும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊரான காட்டுமன்னார்கோயிலிலிருந்து கடலூருக்கு மாத்திரை வாங்கப் போனால் சிதம்பரத்தில் பஸ் மாற வேண்டும். அதன் பிறகு மாதா மாதம் இறங்கி, அந்தப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அவர் கதவிடுக்கில் என்னைப் பார்ப்பார். உடனே உள்ளே ஆவிப் பாத்திரத்துக்கு ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்கும்.

"இந்த அக்காவுக்கு எந்தப் பல்லுதான் வலிக்குதோ, மாசா மாசம் வந்து குந்திக்குது" என்று டோக்கன் கொடுக்கும் பெண் சிரிக்கும்.

"எனக்கு வலிக்கல பாப்பா. உங்க டாக்டரைக் கேளு" என்பேன்.

சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதை நான் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றவில்லை. நாலு வருஷம் உட்கார்ந்தேன்.

கடைசியில் ஒருநாள் அவரே வெளியே வந்தார். தலை நரைத்திருந்தது. "இப்ப எல்லாருக்கும் வேக வெச்சுத்தான் எடுக்கிறேன். உங்கள மாதிரி வர்றவங்களையும் திருப்பி அனுப்புறதில்ல. போதும்மா, நீங்க வர வேணாம்" என்றார்.

அது உண்மைதான். மாத்திரை வாங்கும் இடத்தில் இரண்டு பேர் அவரிடம் பல் பிடுங்கியதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நல்லது டாக்டர்" என்றேன். "அடுத்த மாசம் வர்றேன்."