போத்தல் கழுவியவனுக்குக் காட்டிய படங்கள்

வைனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் போத்தலின் வெளிப்பக்கம்தான். டென்மார்க்கில், பிரெடெரிசியா நகரில் ஒரு வைன் கிடங்கில் வெற்றுப் போத்தல்கள் கழுவினேன். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த போத்தல்கள் சூடான சோடாக் காரத் தண்ணீரில் ஊறி வரும். கழன்று போகாத லேபிள்களைச் சுரண்டுவது என் வேலை. போர்தோ, பர்கண்டி, ரைன், ரியோகா என்று ஊர்ப் பெயர்களை அப்படித்தான் பாடமாக்கினேன். என் ஊர்ப் பெயரை அங்கே ஒருவனும் கேட்டதில்லை.

மனைவியும் மகளும் போர் நடந்த யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மகள் நான் புறப்பட்ட பிறகு பிறந்தவள். அகதியான எனக்கு அவர்களைக் கூப்பிடச் சட்டப்படி உரிமை இருந்தது. விண்ணப்பித்தேன். பதில் இல்லை. பொலிசில் போய்க் கேட்டால், பொறு என்றார்கள். மற்றத் தமிழருக்கும் அதே சொல்தான். எங்கள் விண்ணப்பங்களை அரசாங்கம் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தது என்று பிறகு நாடே அறிந்தது. எங்களுக்கு அது அப்போதே விளங்கியது.

எங்கள் மேற்பார்வையாளன் ஒரு வைன் பைத்தியம். ஒவ்வொரு கோடையும் காரின் பின்னால் கரவன் வண்டியை இழுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போவான். டென்மார்க் குளிரில் நல்ல திராட்சை விளையாது, இங்கே செர்ரியில் செய்வதை வைன் என்று சொல்லவே வெட்கம் என்பான். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சாப்பாட்டு அறையில் தன் பயணப் படங்களைச் சுவரில் விழுத்திக் காட்டினான். எல்லோருக்கும் ஒரு கிளாஸ் வைன்.

நான் வீட்டுக்குப் போகப் பார்த்தேன். என்னோடு போத்தல் கழுவிய மன்னார் அண்ணை, கத்தோலிக்கர், விடவில்லை.

"வாடாப்பா. பூசையிலை சாமியார் வைனைத் தான் குடிச்சுப்போட்டு எங்களுக்கு அப்பம் மட்டும் தாறார். இண்டைக்காவது குடிப்பம்."

சுவரில் சரிவான திராட்சைத் தோட்டங்கள் வந்தன. வெள்ளைச் சுண்ணாம்பு மண் வந்தது. ஓக் பீப்பாக்கள் வந்தன. கடைசிப் படத்தில் ஒரு நீள மேசை. கிழவன், மகன், பேரன், கைக்குழந்தை.

"நாலு தலைமுறை ஒரே வீட்டில்!" என்றான். "மண்ணும் வெயிலும் பிறகுதான். குடும்பம் சேர்ந்திராவிட்டால் இந்த வைன் இல்லை."

கை தட்டினார்கள். நான் எழும்பினேன்.

"என் குடும்பத்தை ஏன் உங்கள் நாடு சேரவிடவில்லை?"

"இங்கே அரசியல் வேண்டாம்" என்றாள் அலுவலகத்துப் பெண்.

அவன் சிரித்தான். "பொறு. நல்ல வைனும் கிடக்கக் கிடக்கத்தான் ருசி."

இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

"உன் வைன் நிலவறையில் கிடக்கிறது. அதன்மேல் செல் குண்டு விழாது. என் மகள் பங்கர் குழிக்குள் கிடக்கிறாள்" என்றேன். கிளாசைத் தொடாமல் வெளியே வந்தேன்.

அண்ணை தன்னுடையதைக் குடித்துவிட்டு ஓடி வந்தார்.

"உனக்குக் கோவம் வந்தாத்தான் டெனிஷ் திருத்தமா வருது. இனி மொழி வகுப்புக்குப் போகாதை, ஒவ்வொரு நாளும் கோவி."

"வேலை போகப்போகுது, அண்ணை."

"உந்தக் காரத் தண்ணியிலை கை வைக்க வேறை ஆர் வரப்போறான்?"

வேலை போகவில்லை. மேற்பார்வையாளன் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினான். நல்லது என்று இருந்தேன்.

கடைசியில் அனுமதி வந்தது. விமான நிலையத்தில் மகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை மாமா என்றாள். அதை நான் இந்த நாட்டுக்கு மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

அதன் பிறகுதான் எங்கள் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. ஒருநாள் மேற்பார்வையாளன் கையில் பேப்பரோடு நான் கழுவும் இடத்துக்கு வந்தான்.

"இப்படி நடந்தது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை புதுப் படங்கள் காட்டுகிறேன். மனைவியையும் மகளையும் கூட்டி வா."

"உனக்குத் தெரியும். நான் சொன்னேன். நீ சிரித்தாய்."

அவன் வாய் திறப்பதற்குள் போத்தல் கழுவும் இயந்திரத்தைப் போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

வீட்டில் மனைவிக்குச் சொன்னேன்.

"அந்தாள் வலிய வந்து கூப்பிட்டிருக்குது, பாவமெல்லே? போனால் என்ன?"

"நீ போ. நான் வரேல்லை."

உண்மையிலேயே போனாள், மகளையும் கூட்டிக்கொண்டு, மன்னார் அண்ணையோடு. திரும்பி வந்து, பிள்ளைக்கு அப்பிள் சாறு கொடுத்தார்கள் என்றாள். என்ன படம் காட்டினான் என்று நான் கேட்கவில்லை.