அத்தையின் விரல்கள் நிமிர்ந்தபோது

1963ஆம் ஆண்டு. இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் மருமகளாகப் போன புதிது. என் மாமியாருக்கு மூட்டு வாதம். கைவிரல்கள் வீங்கி உள்ளே மடங்கிக் கிடக்கும். கொழுந்து கிள்ள முடியாது. தலைமுடியை முடிந்துகொள்ளக்கூட முடியாது, நான்தான் கொண்டை போட்டுவிடுவேன். பல நாள் கெஞ்சிய பிறகு, கொழுந்தெடுக்கும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் புள்ளைமடுவத்தில் தொட்டில் ஆட்டும் வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

தோட்டத்து மருந்துக்காரர் எந்த நோவுக்கும் ஒரே சிவப்புத் தண்ணியைத்தான் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார். ஹட்டன் டவுனில் பல் கட்டும் சீனாக்காரர் ஒருவர் மூட்டு வலிக்கு மெல்லிய ஊசி குத்துகிறார் என்று கேள்விப்பட்டு, சண்டை போட்டு அத்தையை இழுத்துப் போனேன்.

"பல்லுப் புடுங்குறவன்கிட்ட என் வெரலக் குடுக்கச் சொல்றியா புள்ள?" என்று வழியெல்லாம் திட்டினார். கையில் ஊசிகள் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மாரியாத்தாவைக் கூப்பிட்டார். வியாதி போகாது, வலிதான் குறையும், விடாமல் வரவேண்டும் என்று சீனாக்காரர் அரைகுறைத் தமிழில் சொன்னார். ஞாயிறுதோறும் போனோம். வீக்கம் மெல்ல வடிந்தது. ஒரு நாள் காலையில் நான் சீப்போடு போய் நின்றால், அத்தை தானே கொண்டை முடிந்துகொண்டு சிரிக்கிறார்!

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. புள்ளைமடுவத்துப் பக்கம் வந்த கண்டாக்கு, அத்தை ஒரு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதைப் பார்த்துவிட்டான். நாங்கள் ஊசி குத்திக்கொள்ள டவுனுக்குப் போவது தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை. மேற்பார்வை பார்க்கிறவன்தான், ஆனாலும் அவனை மரியாதையாக எழுத எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை.

"வெரலு நல்லாத்தானே இருக்கு? இவ்வளவு நாளும் நடிச்சியா? ஊசி குத்தினா போறதெல்லாம் ஒரு வியாதியா? நாளைக்கு மலைக்குப் போ!"

"வலிதாங்க கொறஞ்சிருக்கு, வியாதி போகலங்க" என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் காதிலேயே வாங்கவில்லை.

மழையில் கூடையைச் சுமந்து கொழுந்து கிள்ளியதில் விரல்கள் மறுபடியும் வீங்கின. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகக் கூப்பிட்டேன். அத்தை எழுந்திருக்கவில்லை.

"வேணாம் புள்ள. மடங்கியே கெடக்கட்டும். அப்பத்தான் நம்புவாங்க."

எவ்வளவோ மன்றாடினேன், அழுதேன், கத்தினேன். அவர் அசையவில்லை. விரல்கள் பழையபடி மடங்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு ஒரு நாள் காலை பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், எல்லார் முன்னாலும் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். புள்ளைமடுவத்து வேலை திரும்பக் கிடைத்தது. அன்று அவர் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தார். மறுநாளிலிருந்து மறுபடியும் நான்தான் கொண்டை போட்டுவிட்டேன்.

ஊசி வைத்தியத்தில் மூட்டு வலி கேட்குமா என்று யாராவது விசாரித்தால் எனக்கு வயிறு எரிகிறது. என் அத்தைக்குக் கேட்டது, கேட்டதற்காகவே அவரைத் தண்டித்தார்கள்.