பம்பு கம்பெனிக்குள் ஒரு தையல் கடை

கிருஷ்ணகிரியில் எங்கள் கடைச் சுவரில் ஆறு வருடமாக ஒரே காலண்டர் தொங்குகிறது. 2001-ஆம் ஆண்டுக்கானது. நாங்கள் விற்கும் தண்ணீர் பம்புகளைத் தயாரிக்கிற பெங்களூர் கம்பெனி, தன் டீலர்களுக்கு வருடாவருடம் ஒரு ஓவியம் போட்ட காலண்டர் அனுப்பும். அந்த வருடத்து ஓவியம் ஒரு தையல் கடை. உச்சி வெயில், பாதி இறக்கிய ஷட்டர், வெளியே சாய்த்து வைத்த பச்சை சைக்கிள், உள்ளே இருட்டில் ஒரு தையல் மெஷின். ஆள் யாரும் இல்லை. அதைக் கழற்ற எனக்கு மனசே வரவில்லை. "தேதி போன காலண்டரைப் பாத்துட்டு பில்லுல தேதி தப்பா போடாதீங்க" என்று என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

காலண்டரின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு வரி உண்டு: எங்கள் தலைமை அலுவலகத்தில் உள்ள அருங்காட்சியகக் கிளையிலிருந்து. பம்பு கம்பெனிக்கு எதற்கு அருங்காட்சியகம் என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த அக்டோபரில் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தலைமை அலுவலகம் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு பக்கம் மாறுகிறது, வெள்ளிக்கிழமையோடு பழைய கட்டடம் மூடல், திங்கட்கிழமை புதுக் கட்டடம். ஓவியங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. என் தையல் கடை என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை கடையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஆறு மணி பஸ். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர், டிக்கெட் 42 ரூபாய். ஓசூர் வரை பறந்த பஸ், எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் மேம்பால வேலையில் மாட்டிக்கொண்டு நகர்ந்தது. இந்த வழியில் வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சாந்திநகரில் இறங்கும்போது ஒன்பதேகால். ஆஸ்டின் டவுனில் இருக்கும் என் பள்ளித் தோழன் சேகர் வீட்டில் பையைப் போட்டேன். அவன் மனைவி கட்டாயப்படுத்திக் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். அல்சூர் பக்கம் நாலு கிலோமீட்டர் சொச்சம், மீட்டரில் 30 ரூபாய்.

"மியூசியமா? அது கப்பன் பார்க் கிட்ட இருக்கு சார். நீங்க அல்சூருங்கறீங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"பம்பு கம்பெனிக்குள்ள ஒண்ணு இருக்காமே."

"பம்பு கம்பெனி கொத்து, நல்லா தெரியும். எங்க மாமா அங்க கேன்டீன்ல இருந்தாரு. மியூசியம்லாம் இல்ல சார், படம் மாட்டி வெச்சிருக்காங்க, அவ்ளோதான்."

கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நாலு மாடிக் கட்டடம், முன்னால் மழைமரங்கள், வாசலில் ஏற்கெனவே இரண்டு லாரி. செக்யூரிட்டியிடம் தயங்கித் தயங்கி, அருங்காட்சியகம் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். துரத்தப்போகிறார் என்று நினைத்தால் அவர், "எந்தப் படம் சார்?" என்று கேட்டார்.

"தையல் கடை."

அவர் யோசிக்காமல் போனை எடுத்து நம்பரை அழுத்தினார். "மேடம், உங்க டெய்லருக்கு ஆள் வந்திருக்கு."

ஐந்து நிமிடத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி இறங்கி வந்தார். காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி, கறாரான நடை. பெயர் சுகுணா, கம்பெனியின் சட்டப் பிரிவில் மேலாளர், பிறந்து வளர்ந்தது பக்கத்திலிருக்கும் மர்பி டவுனில். நான் பம்பு டீலர் என்றதும் சிரித்தார். "அப்போ நீங்க நம்ம வீட்டு ஆளு. வாங்க சார்."

ஒரு பம்பு கம்பெனியின் வக்கீல் எனக்கு ஏன் ஓவியம் காட்டுகிறார் என்று நான் விழித்ததைப் பார்த்து, நடந்துகொண்டே கதையைச் சொன்னார். 1991-இல் இந்தக் கட்டடம் எழும்பியபோது, மைசூரில் ஒரு சின்ன ஓவிய அருங்காட்சியகம் இடமில்லாமல் பாதிப் படங்களைக் கட்டி வைத்திருந்ததாம். கம்பெனியின் அன்றைய தலைவருக்கு அதில் ஈடுபாடு. தரைத்தள ஹாலை வாடகையில்லாமல் கொடுத்து, இங்கே ஒரு கிளை திறக்கச் சொன்னார். வரிச்சலுகைக்காகத்தான் இருக்கும் என்று நான் மனசுக்குள் நினைத்ததை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒப்பந்தத்தை எழுதும் வேலை, அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த சுகுணாவுக்கு வந்தது.

"எல்லாத்தையும் எழுதினேன் சார். ஹாலு, கரண்டு, இன்ஷூரன்ஸ், பெருக்கற ஆளு வரைக்கும். கதவ மட்டும் மறந்துட்டேன்."

இந்த கேட்டில் ஒரு சட்டம். கம்பெனி ஊழியர் ஒருவர் பெயரைச் சொல்லி, அவரே கீழே வந்து அழைத்துப் போனால்தான் வெளியாள் உள்ளே நுழையலாம். ஓவியம் பார்க்க வந்தவர்களுக்கு யாரைத் தெரியும்? திறப்பு விழா முடிந்து சில வாரங்கள், வந்தவர்கள் எல்லாம் கேட்டோடு திரும்பிப் போனார்கள். அதைவிடக் கூத்து, கிளைப் பொறுப்பாளர் நிர்மலாவின் கதி. மைசூர்க்காரர், அருங்காட்சியகத்தின் ஊழியர், கம்பெனி ஊழியர் இல்லை. தன் அலுவலகத்துக்குத் தானே வர அவரும் தினமும் காலையில் கேட்டில் நின்று சுகுணாவின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்கு இவங்க தெனம் வர்ற விருந்தாளி" என்று சுகுணா காட்ட, ஹால் நடுவில் படங்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த நிர்மலா நிமிர்ந்து பார்த்தார். "ஹௌது, ஆமா. கேன்டீனுக்குக் காய் போடறவருக்கு பாஸ் இருந்துச்சு, எனக்கு இல்ல. சுகுணா லீவு போட்டா எனக்கும் லீவு." அவருடைய தமிழ் சுகுணாவிடம் கற்றது.

வருகிறவர்களுக்கெல்லாம் தானே இறங்கி வந்து கால் ஓய்ந்த சுகுணா ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்பது படங்களையும் மேலே இருக்கும் ஊழியர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார். கணக்குப் பிரிவுக்கு இரண்டு, கொள்முதலுக்கு மூன்று, வடிவமைப்புப் பிரிவுக்கு ஐந்து. எந்தப் படம் பார்க்க வந்தாலும் அந்தப் படத்துக்குரியவர் இறங்கி வந்து கூட நிற்க வேண்டும். முதலில் முணுமுணுத்தவர்கள், போகப் போக விட்டுக்கொடுக்க மறுத்தார்களாம். யாருக்காவது மாற்றல் வந்தால், ஃபைல்களோடு படத்தையும் அடுத்தவரிடம் ஒப்படைப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதைக் கேட்கக் கேட்க இந்தக் கம்பெனியின் பம்பை விற்பதில் புதிதாக ஒரு பெருமை வந்தது.

இவர்கள் யாருக்கும் ஓவியம் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. கிணறு வரைந்த ஒரு படத்துக்குச் சொந்தக்காரர் பாலாஜி, பம்பு வடிவமைக்கும் என்ஜினீயர். "இந்த உறைக்கு இவ்ளோ பெரிய கப்பி மாட்டவே முடியாது சார்" என்று அவர் ஆரம்பிக்க, மாட்டலாம் என்று நான் மல்லுக்கு நிற்க, கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. ஒரு கிணற்றுப் படத்தை நான் அவ்வளவு நேரம் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

கடைசியில் தையல் கடை. எதிரே போய் நின்று, குனிந்து பார்த்தேன். காலண்டரில் படத்தின் அடிப்பகுதியை வெட்டிவிட்டு மாதக் கட்டங்களைப் போட்டிருந்தார்கள். அசலில், ஷட்டருக்குக் கீழே, மெஷினுக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிகின்றன. ஒரு பாதம் பெடல் மேல், இன்னொன்று தரையில். ஆறு வருடமாக ஆளில்லாத கடை என்று நான் நினைத்திருந்த கடைக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

"சொல்லுங்க சார், இவரு வேலைய ஆரம்பிக்கறாரா, முடிச்சுட்டாரா?" என்றார் சுகுணா. வருகிற எல்லோரிடமும் கேட்பாராம். முடித்துவிட்டார் என்பது சுகுணாவின் கட்சி, ஆரம்பிக்கிறார் என்பது நிர்மலாவின் கட்சி. இத்தனை வருடச் சண்டை. யோசித்துத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

அப்போதுதான் இருவர் முகமும் கொஞ்சம் மாறியது. புதுக் கட்டடத்தில் அருங்காட்சியகத்துக்கு ரோட்டைப் பார்த்துத் தனிக் கதவு. யாரும் வரலாம், யார் பெயரும் சொல்ல வேண்டாம். அந்தப் புது ஒப்பந்தத்தையும் எழுதியவர் சுகுணாதான். நிர்மலா கேட்டுக் கேட்டு வாங்கிய கதவு அது. "இந்தத் தடவ கதவுலேருந்துதான் சார் ஆரம்பிச்சேன்" என்றார் சுகுணா. ஆனால் கேட்டிலிருந்து போன் வராவிட்டால் மேலே இருப்பவர்கள் கீழே வரக் காரணம் இல்லை. அலுவலக நேரத்தில் இனி இடத்தை விட்டுப் போக வேண்டியதில்லை என்று நிர்வாகமும் சொல்லிவிட்டதாம். "கதவு சிக்குது, கெடச்சுடுச்சு. ஜனங்க?" என்றார் நிர்மலா. அவருக்கு அந்த ஒரு பயம்தான். இரண்டு பேர் வந்து தையல் கடையைத் துணி சுற்றித் தூக்கிப் போனார்கள். லாரி வரைக்கும் சுகுணா கூடவே போனார்.

சனி, ஞாயிறு சேகர் வீட்டில். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை டொம்லூரில் பஸ் ஏறினேன். மாரத்தஹள்ளி வழியாக 15 கிலோமீட்டர், சாதா பஸ்ஸில் 12 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். புதுக் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. ரோட்டோரமாக அந்தத் தனிக் கதவு, தள்ளினால் திறக்கிறது. உள்ளே நின்ற செக்யூரிட்டிப் பையன் ஒன்றும் கேட்காமல் சலாம் வைத்தான். சொல்லத்தான் வேண்டும், ஹால் பிரமாதம். உயரமான சுவர், ஒவ்வொரு படத்துக்கும் தனி விளக்கு. அல்சூரில் டியூப்லைட் வெளிச்சத்தில் பாதி தெரியாமல் இருந்த கிணற்றுக்குள் தண்ணீர் மினுங்குவது இங்கேதான் எனக்குத் தெரிந்தது. நிர்மலா மைசூர் போயிருந்தார்.

பத்துப் பேர் இருந்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்தான் பாதி. கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் லேப்டாப் பையுமாக ஒரு பெண் வந்து, தையல் கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். நான் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பதில் தயாராக இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. நன்றாக இருந்தும் ஏனோ மனசு ஒட்டவில்லை.

செக்யூரிட்டிப் பையனிடம், லீகல் சுகுணா மேடத்துக்கு ஒரு போன் போடுங்கள் என்றேன். "இங்கே போன் இல்லை சார். ஆபீஸ் கேட் பேக் சைடு" என்றான். ஹாலுக்கும் ஆபீசுக்கும் நடுவில் வழியும் இல்லையாம். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வெயிலில் அரை கிலோமீட்டர் நடந்தேன். பின்வாசலில் பழைய அல்சூர் செக்யூரிட்டி. அவரைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

"டெய்லருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு அவரே நம்பரை அழுத்தினார்.

சுகுணா இறங்கி வந்தார். "என்ன சார், முன்னாடி கதவு தொறந்துதானே இருக்கு?"

"அங்க போன் இல்லையே மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ கதவ மறந்தேன். இப்போ போன மறந்துட்டேன்" என்றார். அவர் சிரித்த பிறகுதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

இருவரும் சுற்றிக்கொண்டு முன்பக்கம் நடந்தோம். நான் என் பதிலைச் சொன்னேன், முடித்துவிட்டார் என்று. ஒரு ஓட்டு கிடைத்த சந்தோஷத்தில் உள்ளே நுழைந்தவர், போகத் திரும்பிய அந்த லேப்டாப் பெண்ணையும் விடவில்லை. "ஒரு நிமிஷம்மா. இவரு வேலைய ஆரம்பிக்கறாரா, முடிச்சுட்டாரா?"

அந்தப் பெண் திரும்பி வந்து பார்த்தாள். இந்தத் தடவை நிதானமாக. திருநெல்வேலிப் பக்கம் என்பது பேச்சில் தெரிந்தது. "ரெண்டும் இல்ல மேடம். யாரோ கடைக்கு வந்திருக்காங்க. அதான் தைக்கறத நிறுத்தி ஒரு கால கீழ வெச்சிருக்காரு. வெளிய நிக்கது வந்தவங்க சைக்கிள்லா?"

ஆறு வருடமாக அந்தப் பச்சை சைக்கிளைத் தினமும் பார்த்தவன் நான். அது யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சுகுணா படத்துக்குக் கிட்டே போய் அந்தச் சைக்கிளைப் பார்த்தார். பிறகு, "இத்தன வருஷத்துல யாரும் இதச் சொல்லலம்மா" என்றார்.

அந்தப் பெண், ஆபீஸ் கார் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று கிணற்றுப் பக்கம் போனாள். சுகுணா தன் செல்போனை எடுத்தார். "பாலாஜி, கெணத்துக்கு ஆள் வந்திருக்கு. கீழ வாங்க. நிர்வாகத்துகிட்ட நான் பேசிக்கறேன்."

போக நினைப்பவர்களுக்கு: கட்டணம் கிடையாது. ஞாயிறு விடுமுறை. கேமரா கூடாது. டொம்லூரிலிருந்து பத்து மணிக்கு மேல் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஆட்டோ 150 ரூபாய் கேட்பார்கள், வேண்டாம். பக்கத்தில் நல்ல ஹோட்டல் இல்லை, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, பம்பு கம்பெனி என்று கேளுங்கள். ரோட்டோரக் கதவு பளபளவென்று திறந்திருக்கும், அதில் நுழையாதீர்கள். முன்கதவுக்கு ஒரு இன்டர்காம் கேட்டு சுகுணா மேடம் எழுதிப் போட்டிருக்கிறார், வர மூன்று மாதமாவது ஆகுமாம். அதுவரைக்கும் கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போங்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று அங்கேதான் கேட்பார்கள்.