கிழக்குப் பக்கம் ஷாலினிக்குப் போன பிறகு

மேற்கு எனக்கு

தொழில்முறை பேஸ்போல் அணி ஒன்றுக்கு நான் இளம் ஆட்டக்காரரைத் தேடும் ஸ்கவுட்டாக வேலை செய்த காலத்தில் மிகக் கெட்ட காலை எது என்று கேட்டால், எங்கள் டைரக்டர் டேவ் கனடாவின் ஒன்ராறியோ மாகாண வரைபடத்தை மேசையில் விரித்து, நடுவில் பேனையால் ஒரு கோடு இழுத்த காலையைத்தான் சொல்வேன். அதுவரை மாகாணம் முழுவதும் என்னுடைய ஏரியா. கோட்டுக்கு மேற்கே மிசிசாகா, ஹமில்டன், இங்கத்தைய லண்டன். கிழக்கே ஸ்காபரோ, விட்பி, ஒஷாவா.

“ராஜ், யூ டேக் த வெஸ்ட்,” என்றார் டேவ். கிழக்கு ஷாலினிக்கு.

ஷாலினி இங்கே பிறந்த பிள்ளை. பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்போல் ஆடியவள். எங்கள் அணியின் வீடியோ அறையில் கொஞ்சக்காலம் இருந்துவிட்டு ஸ்கவுட்டாக வந்தாள். அன்றுதான் அவளை முதன்முதலில் பார்த்தேன். கை கொடுத்துவிட்டு, “அங்கிள், நீங்கள் தமிழோ? ஓ மை கோட், எனக்குத் தெரியாது!” என்றாள். முழு அலுவலகத்துக்கும் முன்னால் அங்கிள். அந்த ஒரு சொல்லோடு நான் பழைய ஆளாகிவிட்டேன்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் டிராஃப்ட் நடக்கும். அணிகள் முறை வைத்து, பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும். ஓர் அணி ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டால் அந்த வருடம் வேறு அணி அவனோடு ஒப்பந்தம் பேச முடியாது. ஆனால் பிள்ளை மறுக்கலாம். எனக்கு உங்கள் அணி வேண்டாம், நான் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லலாம். ஆகவே ஸ்கவுட்டுக்கு இரண்டு கேள்விகள். இவன் ஆடுவானா? இவன் கையெழுத்து வைப்பானா? முதல் கேள்விக்கு மைதானத்தில் பதில் தேடுகிறோம். இரண்டாவதற்கு வீடுகளுக்குள் போய்ச் சமையலறை மேசையில் உட்காருகிறோம். பிள்ளை கையெழுத்து வைத்தால் அந்த ஏரியா ஸ்கவுட்டின் பெயர் அவனோடு சேர்ந்து பதிவாகும். எங்களுக்கு வேறு விருது கிடையாது.

நான் அத்தனை வருடமும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்காகக் காத்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் கிரிக்கெட் இருந்தது, உதைபந்து இருந்தது, அதற்குப் பிறகு கணக்கு ரியூஷன் இருந்தது. பேஸ்போல் வெள்ளைக்காரரின் விளையாட்டு. நல்ல கை உள்ள பிள்ளை ஒன்று இரண்டைக் கண்டேன். பதினைந்து வயதோடு நிறுத்திவிட்டார்கள்.

கோடு போட்ட அடுத்த வசந்தத்தில் ஷாலினியின் அறிக்கை வந்தது. ஜெரோம். கேச்சர், அதாவது எறியும் பந்தை அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவன். பெற்றோரின் ஊர் மன்னார். வீடு ஸ்காபரோவில், அஜின்கோர்ட். முகவரியைப் பார்த்தேன். என் வீட்டிலிருந்து நாலாவது தெரு. நான் பாண் வாங்கும் கடைக்குப் பின்பக்கம்.

நான் காத்திருந்த தமிழ்ப் பிள்ளை, கோட்டுக்குக் கிழக்கே.

ஃபவுல்

பெரிய தெரிவுக்கு முன் இன்னொரு கண் பார்க்க வேண்டும் என்பது அணியின் வழக்கம். டேவ் என்னைக் கூப்பிட்டார். “நீ போய்ப் பார். பிடித்தால் எடுப்போம். இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து தூக்கிவிடுகிறேன்.”

விட்பியில் ஆட்டம். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், குறை காணத்தான் போனேன். அவனுடைய கை குறை சொல்ல முடியாதது. இரண்டாம் பேஸுக்கு ஓடியவனைக் குந்திய இடத்திலிருந்தே பந்தெறிந்து அவுட்டாக்கினான். பந்தெறியும் பிச்சர் தடுமாறியபோது நடந்து போய் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு வந்தான். எனக்கு எரிச்சல் கூடியது.

துடுப்பைப் பிடித்து நின்றபோதுதான் குறை அகப்பட்டது. உடம்புக்கு நெருக்கமாக வரும் வேகப்பந்துக்குப் பிந்துகிறான். முதல் தடவை கைப்பிடியில் பட்டு உருண்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இவனுக்காகவா கிழக்கைப் பிரித்துக் கொடுத்தீர்கள் என்று மனதுக்குள் டேவிடம் கேட்டேன்.

கடைசித் தடவை அவன் வந்து நின்றபோது ஷாலினி வேலியோரம் பயிற்சியாளரோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அவன் முன்காலைச் சற்றே விலக்கி வைத்தான். கையை முந்தித் தொடங்கினான். பிச்சர் அதே இடத்துக்கு அதே வேகத்தில் போட்டான். பந்து வேலிக்கு மேலால் பறந்து கார்களுக்கு நடுவே விழுந்தது. ஆனால் கோட்டுக்கு வெளியே. ஃபவுல். கணக்கில் ஒன்றுமே சேராது. அடுத்த பந்தை அவன் தவறவிட்டான். மூன்றாவது தவறு, அவுட். பதிவேட்டில் இருப்பது அந்த அவுட் மட்டும்.

நாங்கள் இருபதிலிருந்து எண்பது வரை புள்ளி போடுகிறவர்கள். ஐம்பது என்றால் உச்ச லீக்கின் சராசரி ஆட்டக்காரன். அவனுடைய கைக்கு அறுபது, அதில் வாதமில்லை. அடிப்பதற்கு நாற்பது என்று எழுதினால் டேவ் விட்டுவிடுவார். நாற்பத்தைந்து என்றால் எடுப்பார். நாற்பது என்று போட்டால் அது பொய் என்று உலகத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் அந்த ஃபவுலைக் கவனித்தது நான் ஒருவன்தான்.

சனம் எழும்பிப் போன பிறகும் போனில் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். பெருந்தன்மை எல்லாம் எனக்கு வரவில்லை. கண்டதை மாற்றி எழுதினால் அடுத்த பிள்ளையைப் பார்க்கும்போது என் கண்ணை நானே நம்பமாட்டேன் என்ற பயம்தான் வந்தது. கண்ணை விட்டால் இந்தத் தொழிலில் எனக்கு வேறு என்ன இருக்கிறது? நாற்பத்தைந்து என்று போட்டேன். ‘ஒரே ஆட்டத்துக்குள் தன் குறையைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிறான்’ என்றும் எழுதினேன். அந்த இடத்திலிருந்தே அனுப்பினேன். காருக்குள் போயிருந்தால் நாற்பதாகியிருக்கும்.

ஆறாவது சுற்றில் அவனை எடுத்தோம். ஷாலினி போனில் அழுதாள். வாழ்த்துகள் பிள்ளை என்றேன். போனை வைத்துவிட்டு வாசலில் ஏற்கெனவே வெட்டியிருந்த புல்லைத் திரும்பவும் வெட்டினேன்.

மேசை

ஒப்பந்தத்துக்கு ஜெரோம் வீட்டுக்குப் போகும்போது ஷாலினி என்னையும் கட்டாயம் வரச்சொன்னாள். ஜெரோமுக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றும் இடம் கொடுத்திருந்தது. தாய்க்கு அதில்தான் விருப்பம் என்று தெரியும். இவளால் சமாளிக்க முடியாமல்தான் என்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு நடந்தே போனேன்.

தாய் றீற்றா ஒஷாவாவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறவர். தகப்பன் லொறியோடு வினிபெக்கில். றீற்றா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு ஷாலினியைக் கேட்டார்.

“நீங்கள் எடுக்கிற பிள்ளையளிலை எத்தினை பேர் மேலை போறவை?”

“கனபேர் போறேல்லை அன்ரி.”

“முழங்கால் உடைஞ்சால்?”

“ஒப்பரேஷன் நாங்கள் செய்விப்பம். அதுக்குப் பிறகும் சரிவராட்டி விட்டிடுவம். படிப்புக்காசு கொன்ட்ராக்டிலை இருக்கு. அது மட்டும் நிக்கும்.”

நான் மேசைக்குக் கீழே காலை இறுக்கினேன். இப்படிப்பட்ட மேசைகளில் நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. உங்கள் பிள்ளை கட்டாயம் மேலே வருவான் என்றுதான் சொல்வேன். தாய்மார் என் வாயைப் பார்ப்பார்கள். பிறகு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். இந்தத் தாய் கையை மேசையிலிருந்து எடுத்து மகனைப் பார்த்தார்.

“நீ என்ன சொல்லுறாய்?”

“ஐ வோன்ட் டு ப்ளே, அம்மா. படிப்பு பிறகும் இருக்கும்.”

“பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.”

“சொல்லமாட்டன்.”

“அப்ப வை கையெழுத்தை.” றீற்றா என் பக்கம் திரும்பினார். “நீங்கள் ஒண்டுமே கதைக்கேல்லை, அண்ணை. இந்தப் பிள்ளையின்ரை அப்பாவோ?”

ஜெரோம் சிரிப்பை அடக்கினான்.

“இல்லை அன்ரி,” என்றாள் ஷாலினி. “அங்கிள் எங்கடை சீனியர் ஸ்கவுட். அந்த ஃபவுலை நான் காணேல்லை. அங்கிள் எழுதினபடியாத்தான் டேவ் ஓம் எண்டவர்.”

டேவ் என் அறிக்கையை அவளுக்குக் காட்டியிருக்கிறார். நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒரே மனக்குறை, நான் செய்தது ஒருவருக்கும் தெரியவில்லை என்பது. அதையும் அவள் பறித்துக்கொண்டாள். நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாள்.

“அப்ப நல்லதாப் போச்சு. ஒரு படம் எடுத்துவிடுங்கோ அண்ணை,” என்று றீற்றா போனை நீட்டினார். எடுத்தேன். மூன்று பேரும் சிரிக்கிறார்கள். படம் அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஜெரோம் அமெரிக்காவில் கீழ் லீக்குகளில் ஆடுகிறான். பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறான். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், ‘என்ன கற்றீர்கள்?’ என்று என்னிடம் கேட்டால், பொறாமை வராத ஸ்கவுட்டை நான் கண்டதில்லை என்று சொல்கிறேன். அது வரும். வந்து உங்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும். உட்காரட்டும். பேனையை மட்டும் அதன் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

காலையில் தேத்தண்ணியோடு முதலில் பார்ப்பது முந்தின நாள் ஜெரோம் என்ன செய்தான் என்பதைத்தான். அவன் ஒன்றும் அடிக்காத நாளில் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இன்னும் எழும்புகிறது. அடித்த நாளில் ஷாலினிக்கு நான்தான் முதலில் மெசேஜ் அனுப்புகிறேன். இரண்டும் உண்மை.