பன்னிரண்டு என்று நான் சொன்னது

போன மாதம் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணம். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு வேன் பிடித்துப் போனோம். எனக்கு வேனில் உட்கார்ந்தாலே வயிற்றைப் புரட்டும். ஐம்பத்தைந்து வயதிலும் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டேதான் வருவேன், வீட்டில் அதற்கொரு கேலி தனியாக உண்டு. வழியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். திரும்ப ஏறியதும் என் மைத்துனர் முன்னால் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். மருமகன் ரமேஷின் பெயர் வந்தபோது பின் சீட்டிலிருந்து இன்னொரு மருமகன் தொண்டையை மாற்றி "உள்ளேன் ஐயா" என்றார். ஒரே சிரிப்பு. வேன் நகர்ந்தது. நான் எழுந்து நின்று "நிறுத்துங்க" என்று கத்தியேவிட்டேன். ரமேஷ் கடைவாசலிலிருந்து சாவகாசமாக நடந்து வந்து ஏறிக்கொண்டான். "எதுக்குங்க இம்புட்டுப் பதட்டம்?" என்றாள் மனைவி. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தேன்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பதட்டத்தில் பழத்தை நசுக்கிவிட்டிருந்தேன். விரலெல்லாம் அந்த வாசம். எலுமிச்சை வாசம் கொஞ்சம் கூடுதலாக வந்தால் எனக்குச் சிறுமலை ஞாபகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா வேலை பார்த்தேன். தொழிலாளிகள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அட்டையை இயந்திரத்தில் குத்துவார்கள். ஒருவர் அட்டையை இன்னொருவர் குத்தினால் கண்டுபிடிக்க வேண்டியது என் பொறுப்பு. அதில் நான் பெரிய சூரன் என்று எனக்கு நினைப்பு. மூன்று பேரைப் பிடித்துக் கொடுத்திருந்தேன், அதில் ஒருவர் அப்புறம் என்னிடம் பேசவே இல்லை. இதை இங்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அதே மில்லில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவன் தங்கவேல். எரியோட்டுப் பக்கத்து ஆள், சோடாபுட்டிக் கண்ணாடி, வாய் ஓயாது. அவன்தான் என்னை ஞாயிற்றுக்கிழமை கோஷ்டியில் சேர்த்தான். கோஷ்டிக்கு வேறு பெயர் கிடையாது. தலைவர், செயலாளர் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவது குன்றுக்கோ காட்டுக்கோ கும்பலாக நடந்துவிட்டு வருவார்கள், அவ்வளவுதான். ஒரு கம்பவுண்டர் மருந்துப் பை கொண்டுவருவார். பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் கயிறும் அரிவாளும். வனத்துறை ஆபீசுக்கு நடந்து அனுமதி வாங்கிவருவது ஒரு டிராயிங் வாத்தியார். எல்லாரையும் சேர்த்துக் கட்டியது ஸ்டெல்லா அக்கா.

அக்காவுக்கு அப்போது நாற்பதுக்குள் இருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுக்கும் வேலை. அடுத்த நடை எங்கே, எத்தனை மணிக்கு, என்ன கொண்டுவர வேண்டும் என்பதைத் தன் கையால் ஒவ்வொருவருக்கும் தபால் கார்டில் எழுதி அனுப்புவார். ஊரில் பாதிப் பேரின் முகம் அவருக்குத் தெரியாது, குரல் தெரியும். ஒருமுறை மார்க்கெட்டில் அவரோடு நடந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ பேரம் பேசுவது கேட்டது. "அந்தா பேசுறவரு வெங்காய மண்டிக்காரரு. தெனமும் பம்பாய்க்குக் கால் போடுவாரு" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

கோஷ்டிக்கு இரண்டே விதிகள். கிளம்பும்போது வரிசையாக எண் கொடுப்பார்கள். எங்கே நின்றாலும் அக்கா "ஒண்ணு" என்பார், அதிலிருந்து ஆளாளுக்குத் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இது முதல் விதி. ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். இது இரண்டாவது. அவரை உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போய்ப் பார்த்துவருவது என்ற பேச்சே கிடையாது. அப்படி இரண்டு முறை பாதி வழியில் திரும்பியிருக்கிறார்கள். அதில் ஒன்று, நான் சேருவதற்கு முன்னால், சிறுமலை.

நான் திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவன். சிறுமலை எனக்கு மாடியிலிருந்து தெரியும் ஒரு நீலக் கோடு. மழை வருமா வராதா என்று அதைப் பார்த்துச் சொல்வோம். அதன் மேல் ஒரு நாளும் ஏறியதில்லை. மறுபடி அங்கே போகிறோம் என்று கார்டு வந்ததும் அதை டைம் ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாசஞ்சர் ரயிலில் கொடைரோடு போய் இறங்கினோம். ஸ்டேஷன் வாசலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "கொடைக்கானலா சார்?" எங்கள் ஆட்கள் கிழக்கே கையைக் காட்டினார்கள். "சிறுமலைக்கு நடந்து போறோம்." ஒரு டாக்சிக்காரர் எங்கள் பதினேழு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொடைரோட்டுல எறங்கிக் கெழக்க போற மொத கூட்டம் நீங்கதான்யா" என்றார். பிளாட்பாரத்திலேயே எண் கொடுத்தாயிற்று. நான் பதினொன்று, தங்கவேல் பன்னிரண்டு. அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். காலையில் திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு வந்த அவன் மனைவி ஜோதி என்னிடம்தான் சொன்னாள். "அண்ணே, இவரு கண்ணாடி இல்லாட்டி ஒண்ணுக்கும் ஆக மாட்டாரு. பாத்துக் கூட்டியாங்க." சரிம்மா என்று தலையாட்டினேன்.

வாழைத்தார் சுமந்து குதிரைகள் இறங்குகிற பாதை அது. அகலம் ஒரு குதிரைக்குத்தான். ஏற ஏற நான் தேடியது அந்த நீலத்தை. பக்கத்தில் போனதும் பாறை சாம்பல், மண் சிவப்பு, இலை பச்சை. நீலம் எங்கே போனது என்று தங்கவேலிடம் கேட்டேன். "நாம உள்ள வந்துட்டோம்ல, அதான் தெரியல" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். வழக்கமாக ஓயாத வாய் அப்புறம் மூடிவிட்டது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பாதி மலையில் அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். புது கேன்வாஸ் ஷூ. குதிகால் இரண்டும் தோல் உரிந்து ரத்தம். "செத்த நேரம் உக்காந்து துணி சுத்திட்டு வாரேன் மாப்ள. அக்காவுக்குத் தெரிஞ்சா எல்லாரையும் திருப்பிருவாக. என் நம்பரையும் நீயே சொல்லிரு."

"ஏலே, பின்னாடியே வந்துருவியா?"

"வராம? பாத ஒண்ணுதான."

பின்னால் வந்தவர்கள் கண்ணில் படாமல் புதர் மறைவில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்துகொண்டான். நியாயமாக நான் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவனுக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அது பொய். எனக்கு மேலே போக வேண்டும், அதுதான். அடுத்த திருப்பத்தில் எண் சொன்னார்கள். என் குரலில் பதினொன்று என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடித்தொண்டையில் பன்னிரண்டு என்றேன். ஒரு நொடி தாமதமாக எனக்குப் பின்னாலிருந்த கம்பவுண்டர் பதிமூன்று என்றார். அக்கா நடக்க ஆரம்பித்தார். அடுத்தவர் அட்டையைக் குத்தியவர்களைப் பிடித்துக் கொடுத்த சூரனுக்கு அந்த ஞாபகம்கூட வரவில்லை.

மேலே போகப் போகப் பனிமூட்டம் இறங்கியது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் மறுபடி எண். மறுபடியும் சொன்னேன். இடதுபக்கம் போனோம். எலுமிச்சைத் தோட்டம் ஒன்று வந்தது, மரங்கள் தெரியவில்லை, வாசம்தான் முதலில் வந்தது. அதைக் கடந்து ஒரு பாறை விளிம்புக்கு அக்கா கூட்டிக்கொண்டு போனார். மூட்டம் கிழிந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பிறந்தது முதல் நடந்த அத்தனை இடமும் கீழே ஒரே பார்வையில் கிடந்தது. கண்மாய்கள் மின்னின. கொடைரோட்டுத் தண்டவாளம், திராட்சைப் பந்தல்கள், வடக்கே ஊர், ஊர் நடுவில் மலைக்கோட்டைப் பாறை. அந்தப் பாறையைத்தான் உலகத்திலேயே பெரியது என்று நினைத்து வளர்ந்தேன். உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. எதிரே பழனி மலை மேகத்துக்கு மேல் எழுந்து நின்றது. டிராயிங் வாத்தியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கால் மணி நேரம் தங்கவேல் என்று ஒருவன் இருப்பதே எனக்கு நினைவில்லை. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூட்டம் மறுபடி மூடிக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தார்கள். "தம்பி, சோத்துக்கு வெஞ்சனம் என்ன கொண்டாந்த?" என்று அக்கா என்னிடம் கேட்டார். தங்கவேலின் தூக்குவாளி என் பையில் இருந்தது. ஜோதி கொடுத்தது. அதைப் பார்த்ததும் மூடியைத் திறக்காமல் மறுபடி பைக்குள் வைத்தேன். எண் ஆரம்பித்தது. பதினொன்று என்றேன். அடுத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அக்கா, அவன் இல்ல" என்றேன். "ரெண்டு தடவயும் நாந்தான் சொன்னேன்."

ஏச்சு விழும் என்று நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். "எங்க உக்காந்தாரு? ஷூவா? கண்ணாடி இருக்கா? தண்ணி?" நான்கு கேள்வி. தண்ணீர்ப் பாட்டிலும் என் பையில்தான் இருந்தது. மற்றவர்களை அங்கேயே உட்காரவைத்துவிட்டு அக்கா, பூட்டுப் பட்டறைக்காரர், நான் மூவரும் திரும்பினோம்.

பாதை பிரிந்த இடத்தில் ஒருவரும் இல்லை. இன்னும் கீழே இறங்கிப் பார்த்தோம், அவன் உட்கார்ந்த கல்லில் ரத்தக்கறை பட்ட ஒரு கிழிந்த துணி மட்டும் கிடந்தது. ஆக, எழுந்து நடந்திருக்கிறான். எங்கள் வழியில் எதிர்ப்படவில்லை என்றால் பிரிந்த இடத்தில் வலதுபக்கம் போயிருக்கிறான் என்று அங்கே திரும்பி ஏறினோம். அந்தப் பக்கம் ஒரு சரிவு உண்டு என்று பட்டறைக்காரர் சொன்னார். ஜோதி சொன்னது காதில் வந்து வந்து போனது. நான் அவன் பேரைச் சொல்லிக் கத்தப் போனேன். அக்கா கையைத் தூக்கினார்.

"சத்தம் போடாத. கேளு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த மூட்டத்துக்குள் நூறு ஊர்களின் இரைச்சலிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்கிற மாதிரி நின்றார். "அந்தா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் கேட்டது. ரொம்ப தூரத்தில், மெலிதாக, "பன்னெண்டு." அப்புறம் நிசப்தம். அப்புறம் மறுபடி, "பன்னெண்டு."

அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தோம். ஐம்பது அடி போனதும் பட்டறைக்காரர் என் தோளை அழுத்தி நிறுத்தினார். மூட்டத்துக்குள் ஏதோ அசைந்தது. பாறை என்று நினைத்த ஒன்று தலையைத் தூக்கியது. காட்டு மாடு. ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. என் தலைக்கு மேலே இருந்தது அதன் முதுகுத் திமில். முழங்கால்வரை வெள்ளை. எங்களுக்கும் அந்தக் குரலுக்கும் நடுவில் அவை ஒவ்வொன்றாகப் பாதையைக் கடந்தன, கன்று நடுவில். மூச்சு விடுவது கேட்டது, புல் நசுங்குவது கேட்டது. ஒன்று நின்று எங்களைப் பார்த்தது. நாங்கள் இருப்பதா இல்லையா என்பது அதன் கையில் இருந்தது. உயிர் போகிற பயத்திலும் இப்படி ஒன்றை என் கண் பார்க்கிறதே என்றிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரவில்லை. அவனும் பார்த்துவிட்டான் என்று தெரிந்தது.

கடைசி மாடு போன பின் ரொம்ப நேரம் நின்றோம். அப்புறம் அக்கா, சாதாரணமாக எக்ஸ்சேஞ்சில் பேசுவது போல, "ஒண்ணு" என்றார். நான் பதினொன்று என்றேன். மூட்டத்துக்குள்ளிருந்து நடுங்கிக்கொண்டே பன்னிரண்டு வந்தது.

சரிவின் விளிம்பில் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைப் பனி மூடியதால் அதற்கு மேல் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லையாம். "நம்பர் சொல்லிக்கிட்டே இருந்தா அக்கா கேப்பாகன்னு தெரியும்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏலே, விடு. பாத்தியா அம்புட்டு மாட்டையும்?" என்றான் அவன். மேலே இருந்தவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு எல்லோருமாக இறங்கினோம். அவனை முறை வைத்துத் தோளில் தாங்கிவந்தோம்.

எனக்கு இனி கார்டு வராது என்று நினைத்தேன். அடுத்த மாதமும் வந்தது. எல்லோருக்கும் எழுதியதே எனக்கும். "போன நடையில் எண்ணிக்கை பிசகிவிட்டது. பிசகு என்னுடையது." அதன் கீழே அடுத்த இடமும் நேரமும். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய மனசு என்று எண்ணிக்கொண்டு நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பத்து வருடம் நடந்தோம். பிறகு ஒவ்வொன்றாகப் போனது. தங்கவேல் குடும்பத்தோடு திருப்பூர் போனான். மில்லை மூடினார்கள். நேரே டயல் செய்கிற வசதி வந்து டிரங்க் போர்டைக் கழற்றிவிட்டார்கள். அந்தக் குதிரைப் பாதையில் யாரையும் விடுவதில்லை என்றார்கள், அப்புறம் அதை உண்ணிச்செடி மூடிவிட்டது. இப்போது போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே பேர் வந்துவிடுகிறது. குரலை வைத்து ஆளைச் சொல்ல யாருக்கும் தேவையில்லை.

அக்கா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூருக்கு மகனிடம் போன அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பினேன். அப்போதுதான் கேட்டேன். "அந்தக் கார்டுல பிசகு உங்களதுன்னு ஏன்க்கா எழுதுனீக? எனக்காகத்தானே?"

"இல்ல தம்பி, நெசமாத்தான் எழுதுனேன். மொதத் தடவ நீ பன்னெண்டு சொன்னப்பவே உன் கொரலுன்னு தெரிஞ்சுருச்சு."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீ அவருக்குப் பதிலாச் சொல்றன்னா அவரு உன் பக்கத்துலதான் நிப்பாருன்னு நெனச்சேன்."

குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். பஸ் கிளம்பிவிட்டது. என் வாயிலிருந்து வந்தது பொய் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும், அதற்குள் ஒரு நல்ல காரணம் இருக்கும் என்று என்னை நம்பிவிட்ட ஒருவர் இந்த ஊரில் இருந்தார். அதற்கப்புறம் அப்படி யாரும் எனக்கு வாய்க்கவில்லை.